அடிலெய்டிலிருந்து உலுருவுக்கு இருவர் மட்டும்: தார் ரோடா, ஊட்னடாட்டா தடமா, சிம்ப்சன் மணலா?

"நாங்கள் இரண்டே பேர், ஒரே வண்டி. உலுரு வரை தார் ரோட்டிலேயே போய்விடலாமா, இல்லை பாலைவனத்துக்குள் இறங்கிப் போகலாமா?" மெல்பர்னிலும் அடிலெய்டிலும் வேலை பார்க்கும் தம்பதிகள் ஜூன், ஜூலை விடுமுறை நெருங்கும்போது மாட்டிக்கொள்ளும் கேள்வி இது. வீடியோக்களைப் பார்த்தால் குழப்பம் கூடத்தான் செய்யும். ஒருவர் சின்னக் காரிலேயே போய்வந்துவிட்டேன் என்பார். இன்னொருவர் பத்தாயிரம் டாலருக்குச் சாமான் வாங்கி ஏற்றாமல் வீட்டு வாசலைத் தாண்டாதே என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் போன வாரம் மழை பெய்யவில்லை, அவ்வளவுதான்.

உலுரு, ஆஸ்திரேலியாவின் நடுவே நிற்கும் பெரும் செம்பாறை. அந்தப் பக்கம் போகக் கையில் இருக்கும் வழிகள் மூன்று. முதலாவது ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை முழுக்கத் தார். இரண்டாவது ஊட்னடாட்டா தடம். மர்ரீயில் தொடங்கி மார்லாவில் நெடுஞ்சாலையோடு சேரும் சுமார் 620 கி.மீ. சரளை ரோடு. மூன்றாவது சிம்ப்சன் பாலைவனத்தைக் குறுக்கே கடக்கும் மணல் பாதை.

## எதை வைத்து முடிவெடுப்பது

அழகை வைத்து முடிவெடுக்க வேண்டாம். மூன்று வழியிலும் அது தாராளமாகவே கிடைக்கும். இருவர் மட்டும் போகும்போது பார்க்க வேண்டியவை வேறு.

முதலில், வண்டி நின்றுவிட்டால் அடுத்த மனிதர் எவ்வளவு நேரத்தில் வருவார்? ரோடு எவ்வளவு கரடுமுரடு என்பதைவிட இதுதான் பெரிய கேள்வி. நான்கு பேர் இரண்டு வண்டியில் போனால் உதவியும் கூடவே வருகிறது. இரண்டு பேர் ஒரு வண்டியில் போனால் உதவி முழுவதும் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

இரண்டாவது, ஒருவருக்குக் கால் பிசகினால் மற்றவர் தனியாக எல்லாம் செய்வாரா? டயர் மாற்றுவது, அந்த வண்டியை அந்த ரோட்டில் ஓட்டுவது, அவசரக் கருவியை இயக்குவது ஆகிய மூன்றும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுவது ஒருவர், வரைபடம் பார்ப்பது ஒருவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் நகரத்துக்குச் சரி. இங்கே அதுதான் காலை வாரும்.

பிறகு வண்டியும் காகிதமும். வாடகை ஒப்பந்தம் அந்த ரோட்டை அனுமதிக்கிறதா, இன்சூரன்ஸ் அங்கே செல்லுமா? அடுத்து மழை. பாதி வழியில் ரோட்டை மூடினால் வெளியேற வேறு வழி உண்டா? கடைசியாக, கையில் எத்தனை நாள் இருக்கிறது?

| | ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை | ஊட்னடாட்டா தடம் | சிம்ப்சன் பாலைவனம் |
|---|---|---|---|
| தூரம் | ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை சுமார் 1,530 கி.மீ. | சுமார் 1,750 கி.மீ. | அடிலெய்டுக்கே திரும்பும் சுற்று, சுமார் 3,000 கி.மீ. |
| தார் இல்லாதது | இல்லை | சுமார் 620 கி.மீ. | 1,500 கி.மீ.க்கு மேல் |
| எரிபொருள் இல்லாத நீண்ட துண்டு | 254 கி.மீ. | சுமார் 210 கி.மீ. | சுமார் 550 கி.மீ., மணலில் |
| அவசரப்படாமல் போக | 3–4 நாள் | 6–7 நாள் | 10–12 நாள் |
| வண்டி | எந்தக் காரும் | உயரமான எஸ்.யு.வி., நல்ல டயர், முழு அளவு ஸ்டெப்னி | லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு போக உதவும் கியர்) உள்ள ஃபோர் வீல் டிரைவ் மட்டும் |
| உதவி வரும் நேரம் | நிமிடங்கள் | குளிர்காலத்தில் மணிக்கணக்கு, கோடையில் ஒரு நாள்கூட ஆகலாம் | ஒரு நாள் முதல் பல நாள் |
| இருவருக்குத் தண்ணீர் | 20 லிட்டர் | 40–50 லிட்டர் | 80–100 லிட்டர் |
| மூடும் காலம் | அரிதாக வெள்ளத்தில் | ஒவ்வொரு நல்ல மழைக்கும் | டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம், மழைக்கும் |

ஒரு குறிப்பு: நெடுஞ்சாலையிலிருந்து உலுருவுக்குத் திரும்பும் இடம் எர்ல்டண்டா. அங்கிருந்து மேற்கே சுமார் 250 கி.மீ. உலுரு, வடக்கே 200 கி.மீ. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். உலுருவின் மேல் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்காக நாள் ஒதுக்க வேண்டாம்.

## ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை

1987-க்குப் பிறகு இந்த நெடுஞ்சாலை முழுவதும் தார். அதனால் இது பாலைவனம் இல்லை என்று ஆகிவிடாது. கிளென்டம்போவுக்கும் கூபர் பெடிக்கும் நடுவே 254 கி.மீ.க்கு பெட்ரோல் கிடையாது, ஊரும் கிடையாது. கிளென்டம்போவுக்கு முன்னால் வரும் பிம்பாவிலேயே டேங்கை நிரப்பிவிட்டால் கூபர் பெடி வரை சுமார் 370 கி.மீ.; சாதாரணக் காருக்கே அது தாங்கும். நடுவில் எந்த ரோடுஹவுஸ் (ரோட்டோரப் பெட்ரோல் பங்க், உணவகம்) அடைத்திருந்தாலும் கவலை இல்லை. அரை டேங்குக்குக் கீழே முள்ளை இறங்க விடாதீர்கள்.

இந்த வழியின் எதிரி சலிப்பு. நேர்கோட்டில் மணிக்கணக்காக ஓடும்போது கண் திறந்திருக்கும், மூளை தூங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் மாற வேண்டும். "எனக்குத் தூக்கம் வரலை, இன்னும் கொஞ்ச தூரம் நானே ஓட்டறேன்" என்பதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ரோடு ட்ரெயின் என்பது மூன்று, நான்கு டிரெய்லர் கோத்த லாரி. நீளம் 53.5 மீட்டர் வரை இருக்கும். மணிக்கு 90–100 கி.மீ. வேகத்தில் போகும் அதை 110-இல் போய்த் தாண்ட, எதிரே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ரோடு காலியாகத் தெரிய வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவில் வேக வரம்பு 110, வடக்குப் பிரதேசத்தில் 130. அந்த 130 ஒரு வரம்பு மட்டுமே. அந்த வேகத்தில் கூரைமேல் சாமான் கட்டிய வண்டி பெட்ரோலைக் குடிக்கும் குடியைப் பார்த்தால் நீங்களாகவே குறைத்துவிடுவீர்கள்.

மாலை மங்கிய பிறகு ஓட்டாதீர்கள். கங்காரு, ஈமு, ஒட்டகம் எல்லாம் உண்டு. எல்லாவற்றையும்விட மோசம் வேலி இல்லாமல் திரியும் மாடு. கறுப்பு மாடு கறுப்பு ரோட்டில் படுத்திருந்தால் முன்விளக்கு வெளிச்சத்தில் அது தெரியும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

மறைமுகச் செலவு தங்குமிடத்தில் இருக்கிறது. உலுரு பக்கத்தில் தங்க யுலாராவைத் தவிர வேறு இடம் இல்லை. விடுமுறைக் காலத்தில் அங்கே அறை வாடகை கண்ணைக் கட்டும். கூடாரம் போடும் இடத்தை மாதக்கணக்கு முன்னதாகப் பதிந்தால் அந்தச் செலவு பெருமளவு குறையும். கூபர் பெடியில் பூமிக்கு அடியில் குடைந்த அறைகள் கிடைக்கும். வெளியே 45 டிகிரி அடித்தாலும் உள்ளே இருபதுகளிலேயே நிற்கும். ஓப்பல் தோண்டிய குழிகள் ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கில் மூடாமல் கிடக்கின்றன. படம் எடுக்கப் பின்னால் நடந்துகொண்டே போகாதீர்கள் என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள், விளையாட்டுக்கு வைத்ததல்ல.

தார் ரோடும் மூடும். 2022 ஜனவரி இறுதியில் பெய்த பெருமழையில் கிளென்டம்போவுக்கும் கூபர் பெடிக்கும் நடுவே நெடுஞ்சாலையே தண்ணீரில் போனது. ரயில் பாதையும் அறுந்தது. கோடையில் போகிறவர்கள் இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்திருப்பது நல்லது.

கையில் பத்து நாளுக்குக் குறைவாக இருக்கிறது, வாடகைக் கார், இருவரில் ஒருவர்தான் ஓட்டுவார், நவம்பர் முதல் மார்ச் வரையிலான பயணம், உடல்நிலைக்காகத் தினமும் மருந்து எடுப்பவர்கள் – இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழியே சரி. பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோருக்கும் இதுதான்.

தார் வழியில் போய்க்கொண்டே ஒரு நாள் மட்டும் சரளையை ருசிபார்க்க விரும்பினால், கூபர் பெடியிலிருந்து கிழக்கே 166 கி.மீ. தள்ளியுள்ள வில்லியம் கிரீக் போய்த் திரும்பலாம். அங்கிருந்து சிறு விமானத்தில் காட்டி தண்டா–ஏர் ஏரியை மேலிருந்து பார்க்கலாம். கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே இருக்கும் அந்த உப்பு ஏரியில் பெரும்பாலான ஆண்டுகளில் தண்ணீர் இருக்காது. 2025-இல் குவீன்ஸ்லாந்து வெள்ளம் வந்து சேர்ந்து பெருமளவு நிரம்பியது.

## ஊட்னடாட்டா தடம்

வரைபடத்தில் பார்த்தால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போக இந்த வழியில் 220 கி.மீ.தான் கூடுதல். நாள் கணக்கில் மூன்று கூடும். சரளையில் மணிக்கு 70–80-க்கு மேல் ஓட்டக் கூடாது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, வழியில் இறங்கிப் பார்க்க நிறைய இருக்கிறது.

பூமிக்கு அடியில் இருக்கும் பேராழ்துளைப் படுகையின் தண்ணீர் இங்கே ஊற்றாகத் தானே மேலே வருகிறது. அந்த ஊற்றுகளைத் தொட்டுத் தொட்டே பழங்குடி மக்களின் வணிகப் பாதை போனது. 1872-இல் முடிந்த தந்திக் கம்பி அதே வரிசையில் போனது. பிறகு நீராவி ரயிலும் தண்ணீரைத் தேடி அங்கேயே போனது. 1980-இல் ரயிலை மேற்கே மாற்றினார்கள். கைவிட்ட தண்டவாளக் கரையும் இடிந்த நிலையங்களும் வழி நெடுக நிற்கின்றன. மர்ரீ, ஒட்டகம் ஓட்ட வந்த ஆப்கானியர், பலூச்சிகள், பஞ்சாபிகள் குடியேறிய ஊர். மர்ரீக்கு மேற்கே சுமார் 130 கி.மீ.யில் கவர்ட் ஸ்பிரிங்ஸ். அங்கே பேரீச்ச மரங்களுக்கு நடுவே கூடாரம் போடலாம், வெதுவெதுப்பான ஊற்றுத் தொட்டியில் குளிக்கலாம். ஊட்னடாட்டாவுக்குத் தெற்கே 578 மீட்டர் நீள அல்ஜிபக்கினா இரும்புப் பாலம், 1892-இல் முடித்தது.

எரிபொருள் மர்ரீ, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா ஆகிய நான்கு இடங்களில் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஏறத்தாழ 200 கி.மீ. சாதாரண டேங்கே போதும். விலை நகரத்தைவிட நன்றாகவே கூடுதல். இருந்தாலும் ஒவ்வோர் இடத்திலும் நிரப்பிவிடுங்கள். வில்லியம் கிரீக்கிலிருந்தும் ஊட்னடாட்டாவிலிருந்தும் கூபர் பெடிக்குக் குறுக்கு ரோடு இருக்கிறது (166 கி.மீ., 195 கி.மீ.). மனம் மாறினாலும் வண்டி மக்கர் செய்தாலும் வெளியேற இரண்டு கதவு. இருவர் மட்டும் போகும் முதல் பாலைவனப் பயணத்துக்கு இந்தத் தடத்தை நாங்கள் பரிந்துரைக்கக் காரணம் இதுதான்.

### டயர்

இந்தத் தடத்தில் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் டயர்தான். கூர்மையான சில்லுக் கற்கள் பரவிய தரை. நெடுஞ்சாலைக் காற்றழுத்தத்தோடு, அதாவது 36–38 பி.எஸ்.ஐ. விறைப்போடு போனால் கல் டயரைக் கிழிக்கும். 26–28-க்கு இறக்கினால் டயர் கல்லின் மேல் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். பல்லைக் கிட்டவைக்கும் அதிர்வும் குறையும். ஆனால் இறக்கிய காற்றோடு 100-இல் ஓட்டினால் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடித்துவிடும். காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும்.

சரியான அளவா என்று பார்க்க ஒரு வழி உண்டு. காலையில் குளிர்ந்த டயரில் அளந்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஓட்டியபின் மறுபடி அளக்க வேண்டும். எஸ்.யு.வி.க்கு 4 பி.எஸ்.ஐ. அளவுக்கு ஏறியிருந்தால் சரி. கனமான ஃபோர் வீல் டிரைவ் டயருக்கு 6 வரை இருக்கலாம். அதைவிட அதிகம் ஏறியிருந்தால் காற்று போதவில்லை, அல்லது வேகம் அதிகம். 20 டாலர் கேஜும், பேட்டரியில் மாட்டும் காற்றடிக்கும் பம்ப்பும் இதற்குத் தேவை.

ஸ்டெப்னியைத் திறந்து பாருங்கள். இன்றைய பல எஸ்.யு.வி.களில், குறிப்பாக ஹைபிரிட்களில், இருப்பது ஒல்லியான தற்காலிகச் சக்கரம். சிலவற்றில் அதுவும் இல்லை, ஒட்டும் பசைப் புட்டிதான். பக்கச் சுவர் கிழிந்த டயரைப் பசை ஒன்றும் செய்யாது. முழு அளவு ஸ்டெப்னி இல்லாத வண்டியோடு இந்தத் தடத்தில் இறங்க வேண்டாம். இரண்டு இருந்தால் இன்னும் நல்லது.

இப்போது நட்டு. டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய நட்டை, வண்டியோடு வந்த குட்டை ஸ்பேனரை வைத்து 55 கிலோ எடையுள்ள ஒருவரால் அசைக்க முடியாது. ஸ்பேனர் மேல் ஏறி நின்றால் அது வழுக்கி நட்டின் முனை மழுங்கும். அதன் பிறகு யாராலும் கழற்ற முடியாது. வீட்டு வாசலிலேயே ஐந்து நட்டையும் தளர்த்தி, சரியான அளவுக்குக் கையால் முறுக்கி வையுங்கள். 60 செ.மீ. நீளமுள்ள நெம்புத் தண்டும் நட்டுக்குப் பொருந்தும் சாக்கெட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் ஜாக்கி புதையும். 30 செ.மீ. சதுரத்தில் 20 மி.மீ. தடிமனான ஒட்டுப்பலகை ஒன்றை அதற்கு அடியில் வைக்க வேண்டும். வண்டியை உயர்த்துவதற்கு முன்பே நட்டை அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். பெரிய சக்கரம் 30 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைக் கையால் தூக்கி மாட்டி முதுகைப் பிடித்துக்கொள்ளாமல், சக்கரத்துக்கு அடியில் மண்வெட்டியைக் கொடுத்து நெம்பினால் தனி ஆளே பொருத்திவிடலாம். 50 கி.மீ. ஓடியபின் நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள். இதை ஆளுக்கு ஒரு முறை, மற்றவர் கை கொடுக்காமல், கிளம்பும் முன் செய்து பார்க்க வேண்டும்.

### தூசும் அதிர்வும்

ரோட்டுக்குக் குறுக்கே வரிவரியாக எழும் சின்ன மேடுகள் ஷாக் அப்சார்பரைச் சூடாக்கி, நட்டுகளைத் தளர்த்தும். தினமும் மாலையில் பேட்டரி முனை, கூரைக் கம்பி, நம்பர் பிளேட், அடியில் தொங்கும் தகடு ஆகியவற்றைக் கையால் ஆட்டிப் பார்த்துவிடுங்கள். தூசு பின்கதவு வழியாக உறிஞ்சப்பட்டு உள்ளே வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, காற்றை வெளியிலிருந்து எடுக்கும்படி வைத்து மின்விசிறியைக் கூட்டினால் உள்ளே அழுத்தம் கூடித் தூசு வெளியே நிற்கும். எதிரே ரோடு ட்ரெயின் வரும்போது மட்டும் உள்காற்றுக்கு மாற்றுங்கள். அப்போது இடப்பக்கம் ஒதுங்கி நின்றேவிடுங்கள். முன்கண்ணாடியை உடைப்பது எதிர்வண்டி வீசும் கல்தான். உங்கள் வேகமும் சேர்ந்தால்தான் அது தோட்டா ஆகிறது.

### மழை

10 மி.மீ. மழை போதும், தடம் மூடும். களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி பனிக்கட்டியில் போவதுபோல் வழுக்கும். காய இரண்டு, மூன்று நாள் ஆகும். மூடிய ரோட்டில் ஓட்டினால் அபராதம் உண்டு, இன்சூரன்ஸும் கைவிரிக்கும். அதனால் இந்த வழிக்குத் திட்டமிடுகிறவர்கள் மூன்று நாளைச் சும்மா விட்டுவைக்க வேண்டும். திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது.

கோடையில் இந்தத் தடமே வேண்டாம். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. ஆஸ்திரேலியாவில் அதை மிஞ்சிய வெப்பம் இன்றுவரை பதிவாகவில்லை. 2022-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆன்ஸ்லோ அதைச் சமன் செய்தது, அவ்வளவே. மே முதல் செப்டம்பர் வரை பகல் இதமாக இருக்கும். ஜூலை இரவில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், கம்பளியை மறக்காதீர்கள்.

## சிம்ப்சன்

சுருக்கமாகச் சொன்னால், ஒரே வண்டியில் இருவர் மட்டும் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

1,100-க்கும் மேற்பட்ட மணற்குன்றுகள் வடக்குத் தெற்காக வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றைக் குறுக்கே கடக்க வேண்டும். மேற்கு விளிம்பில் இருக்கும் மவுண்ட் டேரிலிருந்து கிழக்கு விளிம்பில் இருக்கும் பேர்ட்ஸ்வில் வரை சுமார் 550 கி.மீ.க்கு எரிபொருள் இல்லை. மணலில் 100 கி.மீ.க்கு 20 லிட்டர் என்று வைத்தால் 110 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கையிருப்பு சேர்த்தால் 150 லிட்டரை நெருங்கும். தண்ணீர் 100 லிட்டர். இந்தக் கனத்தோடு, 16–18 பி.எஸ்.ஐ. காற்றில், வேகம் பிடித்துக் குன்றேற வேண்டும். குன்றின் உச்சிக்கு அந்தப் பக்கம் வருவது தெரியாது. அதற்காகத்தான் தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் கொடி கட்டுவது கட்டாயம். ரேடியோவில் 10-ஆம் சேனலில் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே போவார்கள். புதைந்த வண்டியை மீட்க இரண்டாவது வண்டியைப் போன்ற கருவி வேறில்லை. அச்சு முறிந்தால் மீட்பு லாரிக்கு ஆகும் செலவு பல ஆயிரம் டாலர். சாதாரண இன்சூரன்ஸ் அதைத் தராது.

பலர் கவனிக்காத ஒன்று திசை. குன்றுகளின் மேற்குச் சரிவு சாய்வானது, கிழக்குச் சரிவு செங்குத்து. ஆகவே மேற்கிலிருந்து கிழக்கே போவதே எளிது. அப்படிப் போனால் வந்து சேரும் இடம் பேர்ட்ஸ்வில். அது உலுருவுக்கு நேர் எதிர்த்திசை. உலுரு போகும் வழியில் சிம்ப்சனையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற திட்டம், கடினமான திசையில் கடப்பதாக முடியும். சிம்ப்சனைத் தனிப் பயணமாக வையுங்கள்: இன்னொரு தம்பதியோடு, இரண்டு வண்டியில், மணல் ஓட்டும் பயிற்சி ஒரு நாளாவது எடுத்தபின், ஜூன் முதல் ஆகஸ்டுக்குள். அப்படிப் போகிறவர்களுக்கு மற்ற இரண்டு வழியும் ஈடாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

## எந்த வண்டி

சொந்த எஸ்.யு.வி. இருந்தால் தாருக்கும், வறண்ட பருவத்தில் ஊட்னடாட்டாவுக்கும் போதும். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே 20 செ.மீ. இடைவெளியும் முழு ஸ்டெப்னியும் இருக்க வேண்டும். டயரின் பக்கச் சுவர் மெல்லிய பட்டையாக இருக்கும் 19, 20 அங்குலச் சக்கரம் கண்ணுக்கு அழகு, கல்லுக்கு இரை. கணக்கில் சேராத செலவு: தேய்ந்த நிலையில் கிளம்பினால் நான்கு டயரையும் மாற்ற வேண்டிவரும், முன்கண்ணாடி ஒன்று போகலாம், திரும்பியபின் காற்று வடிகட்டியும் முழுச் சர்வீஸும் ஆகும்.

வாடகைக் கேம்பர்வேன் இருவருக்கு வசதி. படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கும். யுலாரா அறை வாடகை மிச்சம். ஆனால் இரு சக்கர இயக்க வேனின் ஒப்பந்தம் தார் ரோட்டோடு முடிகிறது. கூடார இடத்துக்குப் போகும் சின்னத் துண்டு மண்ரோடு மட்டும் விதிவிலக்கு. வாடகைக் காருக்கும் இதே நிலைதான். தடம் மாறினால் வண்டி இருக்கும் இடம் கருவி வழியாகத் தெரிந்துவிடும்.

கூரைமேல் கூடாரம் கட்டிய வாடகை ஃபோர் வீல் டிரைவ்தான் ஊட்னடாட்டாவுக்கு ஏற்றது. நாள் வாடகையும் அதிகம். கையெழுத்திடும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள். இந்தத் தடத்தின் பெயரைச் சொல்லி எழுத்தில் அனுமதி தருவீர்களா? டயர், முன்கண்ணாடி, அடிப்பாகச் சேதம் யார் தலையில்? வேறு வண்டி மோதாமல் தானே கவிழ்ந்தால் காப்பீடு உண்டா? நெடுந்தொலைவு கட்டி இழுக்கும் செலவு யாருடையது? இரவில் ஊருக்கு வெளியே ஓட்டினால் காப்பீடு போகுமா? "எல்லாம் கவர் ஆகும்" என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் விட்டுவிட்டு விமானத்தில் திரும்பினால் ஒருவழிக் கட்டணம் தனியாக வரும். இரண்டாவது ஓட்டுநர் பெயரைச் சேர்க்கவும் சிலர் பணம் கேட்பார்கள். அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

## கையில் என்ன வேண்டும்

தொலைபேசி ஊர்களில் மட்டும் எடுக்கும், அதுவும் பெரும்பாலும் டெல்ஸ்ட்ரா நிறுவனத்தின் இணைப்பு மட்டும். ஐபோன் 14-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி 2023 மே முதல் ஆஸ்திரேலியாவில் வேலை செய்கிறது. இருந்தாலும் தடத்தில் அதை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலில் போன் சூடாகி அணைந்துவிடும். தனி அபாய அறிவிப்புக் கருவியை (PLB) ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் (AMSA) இலவசமாகப் பதிய வேண்டும். பொத்தானை அழுத்தினால் இருப்பிடம் போகும், பதில் வராது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே அதை அழுத்தலாம், பஞ்சருக்கு அல்ல. "இரண்டு டயர் போச்சு, இரண்டு டயர் கொண்டுவாங்க" என்று சொல்ல இருவழிச் செயற்கைக்கோள் செய்திக் கருவி வேண்டும். அதற்குச் சந்தா உண்டு. வாடகைக்கும் கிடைக்கும். வண்டிக்கு வண்டி பேச உதவும் யு.எச்.எஃப். ரேடியோ ஒன்று இருந்தால் 40-ஆம் சேனலில் லாரிக்காரர்களோடு பேசலாம்.

தண்ணீரை ஒரே பெரிய கேனில் வைக்காதீர்கள். 10 லிட்டர் கேன்களாகப் பிரித்து வையுங்கள். ஒன்று ஓட்டையானால் மற்றவை மிஞ்சும். குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், அதற்கு மேல் மூன்று நாள் கையிருப்பு. வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடக்கக் கூடாது. தேடி வரும் விமானத்துக்கு வண்டி தெரியும், நடக்கும் மனிதர் தெரியமாட்டார்.

ரோடுஹவுஸில் பர்கரும் ஸ்டேக்கும் கிடைக்கும். சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவலும் டோஸ்ட்டும்தான். முதல் நாளுக்குப் புளியோதரை, பிறகு ரவை, சேமியா, அவல், பருப்புப் பொடி. அரிசி வடிக்கும் பழக்கத்தை அங்கே விட்டுவிட்டுக் குக்கரில் வையுங்கள். களைந்த தண்ணீரும் கணக்கில் வரும். விக்டோரியாவிலிருந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் பழங்களும் பல காய்கறிகளும் கொண்டுபோகத் தடை இருப்பதால், அவற்றை அடிலெய்டில் வாங்கிக்கொள்ளலாம்.

## முடிவை எங்கே எடுப்பது

வீட்டில் எடுக்க வேண்டியதில்லை. மர்ரீக்குப் போக ஒரோரூ வழியாகவும் ரோடு உண்டு; ஆனால் போர்ட் அகஸ்டா வழியாகப் போங்கள். நெடுஞ்சாலையும் தடத்துக்கான ரோடும் அங்கேதான் பிரிகின்றன. முதல் இரவு அங்கே தங்கி, மறுநாள் காலை மாநில அரசின் உட்பகுதிச் சாலை நிலவரத்தைப் பாருங்கள். மர்ரீ–வில்லியம் கிரீக், வில்லியம் கிரீக்–ஊட்னடாட்டா, ஊட்னடாட்டா–மார்லா என மூன்று துண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று மூடியிருந்து மற்றது திறந்திருப்பது வழக்கம். மூன்றும் திறந்து, ஐந்து நாளுக்கு மழை முன்னறிவிப்பு இல்லை என்றால் வலப்பக்கம், ஹாக்கர் வழி மர்ரீ. சந்தேகம் இருந்தால் இடப்பக்கம், பிம்பா. மர்ரீ வரை போனபின் மூடினால் அதே 380 கி.மீ. திரும்பி வந்தாக வேண்டும். பிம்பா பக்கம் போய்விட்டால் கூபர் பெடியில் மறுபடி விசாரித்து, வில்லியம் கிரீக் ரோடு திறந்திருந்தால் அங்கிருந்தே தடத்தின் வடபாதிக்குள் நுழைந்துகொள்ளலாம்.